அவருக்கு வருத்தம்

மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்ததால்தான் எங்களையும் அவர்களையும் ஒரே மேசையில் போட்டிருக்க வேண்டும். சிட்னியிலிருந்து கப்பல் வெளிக்கிட்ட முதல் நாள், சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனால், நாலு கதிரை போட்ட மேசையில் ஏற்கெனவே ஒரு சோடி இருந்தது. மனுசன் கழுத்துப் பட்டன் வரைக்கும் பூட்டிய வெள்ளைச் சேட்டு. மனுசி பட்டுக்கரைச் சேலை, அதற்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை. தமிழ் ஆக்களா என்று கேட்கத் தேவையில்லை. நான் கதிரையில் இருக்க முதலே மற்றதைக் கேட்டேன்.

"நீங்கள் எவடம்?"

"கெல்லிவில்," என்றார் அவர்.

நான் கேட்டது சிட்னியில் எவடம் என்று இல்லை என்பது அவருடைய மனைவிக்குத்தான் விளங்கியது. "கும்பகோணம் பக்கம்க்கா," என்றாள். அந்த 'அக்கா'வோடு எனக்கு அது வீட்டு மேசையாகிவிட்டது.

எனக்குக் கதை வேண்டும். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு நின்றது. மிச்சம் எல்லாம் ஆக்களுடைய வாயிலிருந்து படித்தது. முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்த காலத்தில் கிரேக்கக் கிழவி சொன்னது, இத்தாலிக் கிழவன் சொன்னது எல்லாவற்றையும் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தவள் நான். கதைக்க ஆள் கிடைத்தால் சோறு ஆறினாலும் எனக்குத் தெரியாது. என் மனுசன் நேரெதிர். இருபது சொல்லில் ஒரு நாளை முடிப்பார்.

அண்ணை (அவர் என்னைவிட மூத்தவர், அப்படித்தான் கூப்பிட்டேன்) ஓய்வு பெற்ற எஞ்சினியர். கணக்கான மனுசன். ஆனால் பகிடி தெரிந்தவர். 'ஆமா'வுக்கு நான் சொல்கிற 'ஓம்' அவருக்குப் பெரிய விளையாட்டு.

"உப்பு வேணுமான்னா ஓம். தண்ணி வேணுமான்னா ஓம். உங்க வீட்ல பூசை பண்ணிட்டேதான் சாப்பிடுவீங்களா?"

"பூசை எனக்குத்தான் நடக்கிறது சேர், ஒவ்வொரு நாளும்," என்றார் என் மனுசன். அன்றைய இருபதில் ஆறு அதிலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் மேசைக்கு ஒரு சட்டம் வைத்தோம். விளங்காத சொல் வந்தால் கையை உயர்த்திக் கேட்க வேண்டும். குசினிக்கு அவர் கை உயர்த்தினார், சமையலறை என்றேன். கதிரைக்கு உயர்த்தினார், நாற்காலி என்றேன். அவள் சொன்ன 'தொந்தரவு பண்ணாம' எனக்குத் தெரியும்; 'லொள்ளு' தெரியாது, நான் உயர்த்தினேன்; குறும்பு என்றாள். சாப்பாடு பரிமாறிய பையன் எங்களுக்கு ஏதோ தேவையென்று இரண்டு தரம் ஓடி வந்தான்.

சாப்பிட்டு மேலே போகும்போது அவர்கள் எங்களை அறை வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் அவர்களை விடப் போகிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து அறை.

அடுத்த நாள் முழுக்கக் கடல். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது அவள் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர்களுக்கு ஒரே மகள். சிட்னியில் வளர்ந்து, வேலைக்கு மெல்பேர்ன் போய், அங்கே தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். அண்ணை கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாததோடு விட்டிருக்கலாம், டெலிபோனில், "உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார். மூன்று வருடம் ஆகிறது. இப்போது மெல்பேர்ன் பக்கம் டார்னெய்ட்டில் வீடு கட்டி, ஒரு ஆண்பிள்ளையும் பிறந்து, அதற்கு ஒன்பது மாதம். பிள்ளையின் படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. பார்த்தால் நேரில்தான் பார்ப்பேன், போனில் காட்டாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டாராம். அதில்தான் அவளுக்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது.

"வாசப்படியத்தானேக்கா மிதிக்க மாட்டேன்னார்," என்றாள். "கப்பல் நிக்கிற இடத்துல வாசப்படி ஏது? ப்ளைட்ல போலாம்னா வரமாட்டார், எங்க போறோம்னு கேப்பார். கப்பல்ன்னா கப்பல் தானா போய் மெல்பேர்ன்ல நிக்கும். நாம சும்மா கீழ எறங்குவோம். அவ பதினோரு மணிக்குக் குழந்தையோட அங்க நிப்பா. நேத்துதான் அவர்ட்ட சொன்னேன்."

"என்ன சொன்னவர்?"

"ஒண்ணும் சொல்லல. சட்டைய இஸ்திரி போடச் சொன்னார்."

நான் அந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாம் என்றால், ஒரு கப்பலைப் பிடித்து ஒரு பேரனைக் காட்டக் கூடாதா? கப்பல் மெல்பேர்னில் அந்த ஒரு பகல்தான் நிற்கும். பின்னேரம் நாலரைக்கு எல்லோரும் திரும்ப ஏறிவிட வேண்டும். அதற்குள் நடக்க வேண்டியது நடக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலமை. கப்பல் துறையில் கட்டியாகிவிட்டது. எங்கள் பக்கத்துப் பல்கனிகள் வளைகுடாவைப் பார்த்த பக்கம், துறை மற்றப் பக்கம். நான் மேல்தளத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் போனபோது அவள் தனியாக வந்து ஒரு தட்டில் ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை வரேல்லையோ?"

"இல்லக்கா. அவருக்கு ராத்திரி பூரா ஒரே வருத்தம். கண்ணே மூடல. எதுவும் சாப்பிட மாட்டேங்கறார். வயித்தக் கலக்குதுங்கறார். இதையாவது கொண்டு போய்க் குடுப்போம்னு பாக்கறேன்."

சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டாள்.

இப்போது வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றப் பாதிப் பேருக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு, யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு, வருத்தம் என்றால் நோய். காய்ச்சல் ஒரு வருத்தம், நீரிழிவு ஒரு வருத்தம். 'அவருக்கு வருத்தம்' என்றால் அவர் படுக்கையில். அவளுக்கு வருத்தம் என்றால் கவலை. அதோடு வயிற்றைக் கலக்குகிறது என்று வேறு சொல்லிவிட்டாள். பயத்தில் வயிறு கலங்குவது எங்களுக்கும் உண்டுதான். ஆனால் முன்னால் வருத்தம் என்ற சொல் வந்து குந்திவிட்டதால் எனக்கு வயிறு வயிறாகவே கேட்டது. நான் கையை உயர்த்தவில்லை. தெரியாத சொல்லுக்குத்தானே கை உயர்த்துவோம்.

மூன்று வருடம் கழித்து மகளைப் பார்க்கப் போகிற நாளில் மனுசனுக்கு வயிற்றோட்டம் என்றால் என் மனம் கேட்குமா? நான் நேரே கீழே வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கே நின்ற பிலிப்பீன்ஸ் பிள்ளையிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: பக்கத்து அறை அங்கிளுக்குச் சுகமில்லை, இரவு முழுக்க நித்திரை இல்லை, வயிறு 'மிக்ஸிங்', விழுங்க ஒரு குளிசையோ குடிக்கத் தேசிக்காய்த் தண்ணியோ இருக்குமா.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சத்தி, வாந்தி ஏதும் எடுத்தாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அறை இலக்கம் கேட்டாள். இலக்கம் ஞாபகம் இருந்த பெருமையில் டக்கென்று சொன்னேன். நன்றி சொன்னாள். மிகவும் பொறுப்பாக நடந்துகொண்டீர்கள் என்றும் சொன்னாள். நான் அதை மனுசனிடம் போய்ச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

"நீர் சும்மா இருந்திருக்கலாம்," என்றார் அவர். எதற்கும் அவர் சொல்வது அதுதான். அதனால் நான் கணக்கெடுக்கவில்லை.

பத்தரைக்கு இறங்கப் போனோம். இறங்குகிற வாசலில் எங்களுக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும். அண்ணை அதே வெள்ளைச் சேட்டு, இஸ்திரி மடிப்புக் கத்தி போல. புதுச் சப்பாத்து. சேட்டுப் பைக்குள் ஒரு சின்னப் பெட்டி. பேரனுக்கு வெள்ளி அரைஞாண். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறித்தான் இருந்தது. வருத்தக்காரன் நிற்கிற நிலையைப் பார் என்று நான் மனுசனுக்குக் காதுக்குள் சொன்னேன்.

எல்லோருடைய கப்பல் அட்டையும் இயந்திரத்தில் 'டிங்' என்றது. அவருடையது 'டொங்' என்றது.

நீல உடுப்புப் போட்ட அதிகாரி, மிகவும் மரியாதையாக, ஐயா கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள் என்றான். அவளுடைய அட்டையும் 'டொங்'. உங்களுக்குச் சுகமில்லை என்று அறிவித்திருக்கிறார்கள், மருத்துவப் பகுதி பார்க்கும்வரை அறையில் இருக்க வேண்டும் என்றான்.

"யார் சொன்னது?" என்று அண்ணை கேட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லையே. நான் நல்லா இருக்கேன்."

அவள் திரும்பினாள். "அக்கா, இவருக்கு உடம்பு சரியில்லன்னு யாரோ சொல்லியிருக்காங்களாம். யாருக்கா அப்படிப் பண்ணுவா?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்றேன் நான். "வருத்தம் எண்டு."

"ஆமா, வருத்தம்தான். பொண்ணப் பாக்கப் போறார்ல, பழசெல்லாம் நெனச்சுக்கிட்டு..." அவள் நடுவில் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எந்த இடத்தில் பிழைத்தது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் நகருங்கள் என்று மெல்ல இருமினார்கள்.

நான் அதிகாரியைப் பிடித்துக்கொண்டேன். பிழை என்னுடையது என்றேன். என்னுடைய தமிழில் வருத்தம் என்றால் நோய், இவருடைய தமிழில் வருத்தம் என்றால் கவலை என்றேன்.

"நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு மொழியா?" என்று கேட்டான்.

"இல்லை, ஒரே மொழி."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படியென்றால் இவருக்கு நோயா, கவலையா?"

"கவலை. கவலை மட்டும்தான்."

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது என்றான். உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் அறிவித்தல் வந்துவிட்டால் தான் ஒன்றும் செய்ய முடியாது, கப்பலில் இரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள், வயிற்று வருத்தம் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும் என்றான். தாதி வந்து கேள்வி கேட்டு, இல்லை என்று எழுதினால் உடனே விடுவார்கள். எங்களுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

தாதி பதினைந்து நிமிடத்தில் வந்தாள், முகமூடியும் பிளாஸ்டிக் உடுப்புமாக. நானும் மனுசனும் அவர்கள் அறைக்கு வெளியே நடையில் நின்றோம். கதவு கொஞ்சம் திறந்து நீக்கலாக இருந்ததால் எல்லாம் கேட்டது. சத்தியா? இல்லை. காய்ச்சலா? இல்லை. காலையில் எத்தனை தரம் கழிப்பறை போனீர்கள்?

"மூணு," என்றார் அண்ணை.

"ஏங்க, அதையெல்லாம் ஏன் சொல்றீங்க?" இது அவள்.

"கேட்டாங்க, சொன்னேன். மூணுதானே."

பயத்தில் மூன்று தரம். எந்த மனுசனும் போவான். ஆனால் தாதியின் தாளில் பயம் என்று ஒரு பெட்டி இல்லை. மூன்று என்று எழுத ஒரு பெட்டி இருந்தது. மருத்துவர் மதியத்துக்குப் பிறகு வந்து பார்ப்பார், அதுவரைக்கும் இருவரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, கதவில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது கெட்டது தன் உயிர். நான் கெடுத்தது இன்னொருவருடைய நாள்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு நாளாகக் கடலில் போன் வேலை செய்யவில்லை; மகளிடம் போய்ச் சொல்ல எங்களை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்தோம். தாய் கதவு நீக்கலால் தன் போனில் மகளின் படத்தைக் காட்டினாள். பிறகு, அந்தச் சின்னப் பெட்டியையாவது கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று அவரைக் கேட்டாள்.

"வேண்டாம்," என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "அது என் கையால கட்டணும்."

என்மேல் ஒரு கோபச் சொல் இல்லை. ஏசியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

துறை நீளமானது, காற்று எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. அதன் தொங்கலில், கடைசி முனையில், பிள்ளை வண்டியைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். போனில் பார்த்த படம் தேவைப்படவில்லை. அண்ணையின் நெற்றி அப்படியே இருந்தது. காற்றுக்காக வண்டியின் மூடியை இழுத்து விட்டிருந்தாள். கப்பலிலிருந்து வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், நாங்கள் கிட்டப் போனதும் எங்களைத் தாண்டிப் பார்த்தாள்.

"பிள்ளை, அப்பா அனுப்பினவர்," என்று தொடங்கினேன். அப்போதே அது பிழையான தொடக்கம்.

"அப்பா ஆளை அனுப்பிச்சிருக்காரா?"

"இல்லையம்மா. அவரை விடேல்லை. சுகமில்லையெண்டு..."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. என் கல்யாணத்துக்கும் அவருக்கு உடம்பு சரியில்லைதான், அம்மா எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் பதறிப்போனேன். இல்லை, இல்லை, அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல சுகமாக இருக்கிறார் என்றேன்.

"அப்ப அவருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வரல."

"அப்படியில்லை. அது நான் சொன்ன ஒரு சொல்லாலே வந்தது."

நான் முழுக்கதையையும் சொன்னேன். என்னுடைய வருத்தம், உங்கள் அம்மாவுடைய வருத்தம், வயிறு, வரவேற்பு மேசை, டொங். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிய கதை மாதிரிக் கேட்டது. கட்டியிருந்தால்கூட நான் கொஞ்சம் நன்றாகக் கட்டியிருப்பேன். அவள் தமிழ் வீட்டோடு நின்ற தமிழ். வருத்தம் என்ற சொல்லுக்கு ஒரு கருத்தே அவளுக்குச் சரியாகத் தெரியாது, நான் இரண்டைக் கொடுக்கிறேன். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள், வாசலில் விற்க வந்தவனுக்குத் தலையாட்டுவது போல.

பிறகு தாய்க்குப் போன் எடுத்தாள். துறையில் நிற்பதால் போன் வேலை செய்தது. அவ்வளவு நேரமும் அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நினைத்து, இனி எல்லாம் சரி என்று நின்றேன். தாயோடு நாலு சொல் கதைத்துவிட்டு, "அப்பாட்ட குடு" என்றாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். "அப்பா," என்றாள். காத்திருந்தாள். திரும்பவும், "அப்பா." அந்த இரண்டாவது அப்பாவில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. நான் கடலைப் பார்த்தேன். என் மனுசன் குடையை விரித்து வெயில் படாமல் வண்டிக்கு மேல் பிடித்துக்கொண்டார். செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான் என்று கண்டுபிடித்த மாதிரி, அவள் போனை வைக்கும் வரைக்கும் அவர் கையை இறக்கவேயில்லை.

அந்தப் பக்கத்தில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டதாம். பிறகு தாய் போனை வாங்கி, அவரால முடியலடி என்றிருக்கிறாள்.

அப்போதும் அவள் போகவில்லை. மருத்துவர் வருவார், விட்டாலும் விடுவார் என்று நான் கெஞ்சினேன். ஒரு மணி வரைக்கும் நிற்கிறேன், அதற்கு மேல் பிள்ளை தாங்கமாட்டான் என்றாள். கரையில் ஒரு கடையிலிருந்து உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கி வந்தேன். இரண்டு துண்டு தின்றாள். மனுசன் குடையை என்னிடம் தந்துவிட்டுக் கப்பலுக்குள் ஏறி, வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டு இறங்கினார். இன்னும் வரவில்லையாம். ஒரு மணித்தியாலம் பொறுத்துத் திரும்பவும் போனார். மருத்துவர் சாப்பிடுகிறாராம்.

நான் கதைத்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. அந்தப் பக்கத்துக் கடற்கரைக்குக் காரில் போனால் அப்பாவின் பல்கனி தெரியும், அவர் வெளியே வந்து நிற்பார், நீங்கள் பிள்ளையைத் தூக்கிக் காட்டலாம் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நான் எதுக்குக் கடற்கரையில நின்னு கையாட்டணும்? நான் ஒண்ணும் தப்புப் பண்ணல."

நியாயம் அவள் பக்கம். அவருடைய பக்கத்திலும் அன்றைக்கு ஒரு பிழையும் இல்லை. நடுவில் நின்றது நான்.

ஒரு மணிக்குக் கார் வரைக்கும் கூடப் போனோம். வண்டியை மடித்துப் பின்னால் வைப்பதற்காகப் பிள்ளையை என் கையில் தந்தாள். வண்டி மடங்க மறுத்தது. மனுசன் உதவி செய்யப் போய் இன்னும் இறுக்கிவிட்டார். பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆசனத்தில் கட்டிவிட்டு, கதவைச் சாத்தின பிறகு சொன்னாள்:

"நான் பதினொண்ணுலேருந்து ஒரு மணி வரைக்கும் நின்னேன்னு சொல்லுங்க. அடுத்த தடவை வந்தா வீட்டுக்கு வரட்டும். இப்படி ரோட்டுல வேணாம். வீடு அங்கதான் இருக்கு."

அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். அம்மாவிடம் படம் இருக்கிறது, பார்க்காதவர் அவர்தான் என்றாள்.

மருத்துவர் மூன்று மணிக்கு வந்தார். நல்லவர்தானாம். உங்களுக்கு ஒன்றுமில்லை என்றுதான் தானும் நினைப்பதாகச் சொன்னாராம். ஆனால் ஒருமுறை எழுதியாகிவிட்டது, நாளை மதியம் வரைக்கும் வேறு குறி ஒன்றும் வராவிட்டால் விட்டுவிடுவோம் என்றாராம். நாளை மதியம் கப்பல் நடுக்கடலில் நிற்கும்.

ஐந்து மணிக்குக் கப்பல் கட்டவிழ்த்தது. ஆறு மணிக்குச் சாப்பாட்டு மண்டபம். பழக்க தோஷத்தில் போய் இருந்துவிட்டோம். அன்றைக்கு எல்லோரும் கரையில் பார்த்ததைக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசைக்காரர் பூந்தோட்டம் போயிருக்கிறார், அதற்குப் பக்கத்து மேசை பென்குயின் பார்த்திருக்கிறது. பரிமாறுகிற பையன், உங்கள் நண்பர்கள் வரமாட்டார்களா என்று கேட்டான். வரமாட்டார்கள் என்றேன். அவன் எதிரே இருந்த இரண்டு பேருடைய கத்தி, முள்ளுக்கரண்டி, கிளாஸ், மடித்த துணி எல்லாவற்றையும் ஒன்று ஒன்றாக எடுத்துத் தட்டத்தில் வைத்தான். சத்தமே வராமல் எடுத்தான். சூப் வந்தது. என்னால் முடியவில்லை.

"போய்ச் சொல்லும்," என்றார் மனுசன். "பிள்ளை சொல்லிவிட்டதைச் சொல்ல வேணுமெல்லே."

மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின கதவைத் தட்ட எங்களுக்கு அனுமதி இல்லை. பல்கனிக்குப் போனேன். இரண்டு பல்கனிக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பால்நிறத் தடுப்பு. வெயில் இன்னும் இருந்தது. தடுப்பில் அந்தப் பக்கத்து நிழல் விழுந்திருந்தது, கதிரையில் இருக்கிற ஒரு ஆளின் நிழல்.

"அண்ணை," என்றேன்.

"சொல்லுங்கம்மா."

மகள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். காலமை முழுக்க ஒருவரும் சொல்லாததையெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்; இதையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பாடமாக்கி வந்திருந்தேன். பதினொன்றிலிருந்து ஒன்று வரைக்கும். அடுத்த தடவை வீட்டுக்கு. ரோட்டில் வேண்டாம். நான் மன்னிப்புக் கேட்டேன். உள்ளே அவருடைய மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

கொஞ்சம் பொறுத்து அவர் கேட்டார். "குழந்தையப் பாத்தீங்களா?"

"பார்த்தனான்."

"எப்படி இருக்கான்? யார் சாடை?"

வாயைத் திறந்தேன். முகம் வரவில்லை. இரண்டு மணித்தியாலம் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மூடி இழுத்து விட்டிருந்தது, நான் தாயைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தேன், விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன், கெஞ்சிக்கொண்டிருந்தேன். கையில் தந்தபோதும் நான் வண்டி மடங்குகிறதா என்று பார்த்தேன். ஒரு காலில் காலுறை இல்லை என்பது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான். உங்கள் நெற்றிதான் அண்ணை என்று சொல்லிவிடலாம். தாயின் நெற்றியைத்தானே பிள்ளைக்கும் வைக்கிறேன், அதில் என்ன பிழை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அண்ணை, நான் வடிவாப் பார்க்கேல்லை," என்றேன். "கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

நிழல் தடுப்புப் பக்கம் சாய்ந்தது.

"தூக்கினீங்களா?"

"ஓம். காருக்குப் பக்கத்திலே."

"கனமா இருந்தானா?"

இதற்கு என் கை பதில் வைத்திருந்தது. "பத்துக் கிலோ அரிசி பாக் இருக்கெல்லே, அதுக்குக் கொஞ்சம் குறைய."

"பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி," என்று உள்ளே பார்த்து மனைவிக்குச் சொன்னார். அவளுக்கு அது தெரியாதது போல. பிறகு என்னிடம், "உங்ககிட்ட வந்ததும் அழுதானா?"

அழவில்லை என்று சொல்வது எவ்வளவு சுகம். "அழுதவன், அண்ணை. நல்லா அழுதவன். தாய் திரும்ப வாங்கும்வரைக்கும் நிப்பாட்டேல்லை."

"ம்," என்றார். "புது ஆளு. அழத்தான் செய்வான்."

அவர்கள் கதவைத் தட்டி யாரோ சாப்பாட்டுத் தட்டத்தை வைத்துவிட்டுப் போனார்கள். வெறும் சோறும் ரொட்டியும்தான் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாங்க, ஆறிடும் என்று அவள் கூப்பிட்டாள். அவர் எழும்பவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"என்னது, அண்ணை?"

"எவ்வளவு நேரம் அழுதான்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"ரெண்டு நிமிஷம்," என்றார். தன் கையிலும் அழுதால் தாங்கலாமா என்று கணக்குப் பார்க்கிறவர் மாதிரி இன்னும் ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். நான் தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏதாவது கேட்பார், கேட்டால் எனக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று நின்றேன்.